தம்பியின் குடி: ஒப்புக்கொடுத்து ஜெபித்த பிறகும் கை தேடுவதை நிறுத்தவில்லை

மூத்தவள்_கிருஷ்ணகிரி எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு முப்பத்து நாலு வயது. மாங்காய் சீசனில் தோப்பிலிருந்து கூழ் ஃபேக்டரிக்கு டெம்போவில் லோடு அடிக்கிறவன். ஜூலை கடைசியில் சீசன் முடிந்தால் கையில் காசு இருக்கும், வேலை இருக்காது. முன்பெல்லாம் அந்தச் சமயத்தில் ஆரம்பித்து ஆயுத பூஜைக்குள் அடங்கிவிடும். இப்போது வருஷம் முழுக்க. அப்பா அம்மா இல்லை, அவனை வளர்த்ததே நான்தான். அவன் மனைவி பிள்ளையோடு அரூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். விடியற்காலை எழுந்து, "ஆண்டவரே, இவனை உம் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டேன்" என்று மனதாரச் சொல்லி ஜெபிக்கிறேன். ஆமென் சொன்ன கையோடு போய் அவன் சட்டைப் பையைத் தடவுகிறேன். வண்டி சீட்டைத் தூக்குகிறேன். ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறக்கிறேன், ஏனென்றால் ஒருமுறை குவார்ட்டர் அங்கேதான் இருந்தது. பெட்டிக்கடை பாக்கியை நான் கட்டுகிறேன். லோடு முதலாளி போன் செய்தால் "காய்ச்சலா படுத்திருக்கான்" என்று நானே சொல்கிறேன்.

ஒப்புக்கொடுத்த பிறகும் இப்படி நோண்டிக்கொண்டிருப்பது விசுவாசக் குறைவா? நோண்டாமல் விட்டால் அவனைக் கைவிட்டதாக ஆகாதா? பாஸ்டரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது.

ஜெபசேனை எழுதியது:

பிரைஸ் தி லார்டு சகோதரி. குடி ஒரு ஆவி. மாற்கு 9ல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார், இவ்வகைப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றிப் புறப்பட்டுப்போகாது. உபவாசம் எடுங்கள், முழு இரவு ஜெபத்தில் பேர் கொடுங்கள். டாக்டர், மாத்திரை, போதை மீட்பு சென்டர் எல்லாம் மனுஷன் வழி. உங்கள் விசுவாசம் பூரணமானால் அற்புதம் நடக்கும்.

எலத்தகிரி_மருமகள் எழுதியது:

அக்கா, உங்களைப் போலத்தான் எங்கள் வீடும். எங்களுக்குச் சட்டைப் பை இல்லை, மாட்டுத் தீவன மூட்டை. அதற்குள் கைவிட்டுத் துழாவுவேன்.

என் வீட்டுக்காரர் சாம்பல் புதனன்று நிறுத்துவார். தவக்காலம் நாற்பது நாளும் தொடமாட்டார், சிலுவைப்பாதைக்கு முன்வரிசையில் நிற்பார். ஊரே பாராட்டும். பாஸ்கா பூசை முடிந்து ஞாயிறு மத்தியானம் கறிச்சோறு ஆகும்போது வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். "நாற்பது நாள் இருந்தேனே, எனக்கென்ன வியாதியா?" என்று கேட்பார். அதற்கு எனக்குப் பதில் தெரியாது.

வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன், மொட்டை போடுகிறேன், தங்கத் தாலிக்குண்டு போடுகிறேன் என்று நேர்ந்து நேர்ந்து என் நேர்த்திக்கடனே வீட்டுக்கடனை மிஞ்சிவிட்டது. ஒரு நாள் பங்குச் சாமியார் கேட்டார்: "அம்மா, மாதாகிட்ட செபம் பண்றியா, வியாபாரம் பேசுறியா?" கோபம் வந்தது. ஆனாலும் அன்றிலிருந்து புதிதாக எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை.

பென்னாகரம்_செல்வி எழுதியது:

நான் கிறிஸ்தவள் இல்லை, எழுதலாமா தெரியவில்லை. எலத்தகிரி அக்கா எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன், அப்புறம் அழுதுவிட்டேன். எங்கள் வீட்டில் கார்த்திகை மாலை. ஒரு மண்டலம் சாமி சாமி என்று கூப்பிடுவோம். மாலை கழற்றிய அன்று ராத்திரி பழைய ஆள்.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன், தர்மபுரி மாவட்டம். மாலையும் தவக்காலமும் பேச்சில் வந்ததால் இதை உடனே சொல்ல வேண்டும்.

வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடிக்கிற ஒருவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் போனதிலிருந்தே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், கட்டிலை விட்டு இறங்கி ஓடுவார்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மாலை போட்ட மூன்றாம் நாள் இப்படி ஆனவரை "சாமி இறங்கிடுச்சு" என்று கூட்டிவந்ததைப் பார்த்திருக்கிறேன். உபவாசக் கூட்டத்திலிருந்து "பிசாசு அலறுது" என்று தூக்கி வந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தான் நடந்தது: நடுக்கத்தை அடக்கும் மருந்தைப் படிப்படியாகக் குறைப்பது, தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி, தண்ணீர்ச்சத்து, கண்காணிப்பு.

ஜெபசேனை சகோதரரே, நானும் ஜெபிக்கிறவள்தான். டியூட்டிக்குப் போகும் முன் ஜெபிக்காமல் போனதில்லை. ஆனால் வெறும் வயிற்றில் உபவாசம் போட்டுக் குடியை நிறுத்தச் சொல்லாதீர்கள். சத்தில்லாத உடம்பு அது.

இன்னொன்று. ஆன்லைனில், மருந்துக்கடையில் என்று "தெரியாமல் கலந்து கொடுக்கும்" மாத்திரை, பவுடர் விற்கிறார்கள். யாராவது வீட்டில் வைத்திருக்கிறீர்களா?

மூத்தவள்_கிருஷ்ணகிரி எழுதியது:

வைத்திருக்கிறேன் சிஸ்டர். பக்கத்து வீட்டு அம்மா வாங்கிக் கொடுத்தார். ரசத்தில் கலக்கச் சொன்னார். இன்னும் கலக்கவில்லை, டப்பாவுக்குள் இருக்கிறது.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

தயவுசெய்து கலக்காதீர்கள். அப்படி விற்பவற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால், அதை உடம்பில் வைத்துக்கொண்டு குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும். சாராயம் சேர்ந்த இருமல் மருந்து குடித்தால்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டாக்டர்கள் அதைக் கொடுப்பதுண்டு, நோயாளிக்கு எல்லாம் விளக்கி, அவர் சம்மதித்த பிறகு.

தொப்பூர்_கணவாய் எழுதியது:

நான் எதிர்ப்பக்கத்து ஆள். லாரி ஓட்டினேன், குடித்தேன். இப்போது குடிப்பதில்லை, குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடும் ஏஏ மீட்டிங்குக்குப் போகிறேன். அதற்கு மேல் என்னைப் பற்றி எழுதுவதற்கில்லை.

என் அம்மாவின் செபத்தைப் பற்றி எழுதுகிறேன், மூத்தக்காவுக்காக. ராத்திரி நான் வந்து படுத்ததும் அடுத்த அறையில் செபமாலை தொடங்கும். மற்ற நாளெல்லாம் முணுமுணுப்பாகச் சொல்பவர், நான் இருக்கும் நாளில் என் பெயரைச் சொல்லிச் சத்தமாக அழுவார். "இந்தப் பாவியை மன்னியும், இவன் அப்பனைப் போல இவனும் செத்துடக்கூடாது" என்று கதவுக்கு நேராக உட்கார்ந்துகொண்டு. அந்தச் செபம் ஆண்டவருக்குப் போனதா தெரியாது, எனக்கு வந்தது. எழுந்து மறுபடியும் குடிக்கப் போவதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவருக்கு வேறு வழி தெரியாது. பிறகு ஒரு காலத்தில் அவர் அல்-அனானுக்குப் போனார், குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கான கூட்டம் அது. போன கொஞ்ச நாளில் வீட்டில் அந்தச் சத்தம் நின்றது. எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். காலையில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. சண்டைக்கு ஆள் இல்லாமல் போனதும் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

முதலாளிக்கு நீங்கள் சொல்கிற பொய்யைப் பற்றி: எனக்காக அந்த வேலையை என் அண்ணி பார்த்தார். அதனால் என் லைசென்ஸ் காப்பாற்றப்பட்டது, கூடவே என் குடியும் காப்பாற்றப்பட்டது.

ஊத்தங்கரை_வாத்தியார் எழுதியது:

முதலில் ஒரு ஊர்ப் பெருமை. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. அவர் முதல்வராக இருந்தபோது 1937 அக்டோபர் 1ல் மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் ஜில்லாவில். அன்றைக்கு தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அந்த ஜில்லாவுக்குள்தான். 1971ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், 2003லிருந்து சில்லறைக் கடையும் டாஸ்மாக் கையில். சட்டம் வந்தாலும் போனாலும் வீட்டுக்குள் நடப்பதை அக்காமார்கள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெபசேனை சொன்ன அதே மாற்கு 9ல், பிசாசு பிடித்த அந்தப் பையனின் தகப்பன் என்ன சொன்னான் பாருங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." கண்ணீரோடு சொன்னான். விசுவாசம் பூரணமானால்தான் ஆகும் என்று ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த அரைகுறை ஜெபத்துக்கே பிள்ளை பிழைத்தான். மூத்தம்மா, சட்டைப் பையைத் தடவுவது விசுவாசக் குறைவு என்றே வைத்துக்கொண்டாலும், அது உங்கள் ஜெபத்துக்குத் தடை என்று அந்த அதிகாரத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்தது லூக்கா 15. கெட்ட குமாரன் கதையை, சொத்தில் பங்கை வாங்கிக்கொண்டு தூர தேசம் போய் அழித்த இளைய மகனின் கதையை, ஞாயிறு பள்ளியில் எத்தனை தடவை நடத்தியிருப்பீர்கள்! தவிடு தின்ன ஆசைப்பட்டான், "ஒருவனும் அதை அவனுக்குக் கொடுக்கவில்லை" என்று ஒரு வரி வருகிறது. அதற்கு அடுத்த வரியிலேயே "அவனுக்குப் புத்தி தெளிந்தபோது" என்று ஆரம்பிக்கிறது. அந்தத் தகப்பன் தூர தேசத்துக்கு மாசா மாசம் பணம் அனுப்பவில்லை. பெட்டிக்கடை பாக்கியை அடைக்கவில்லை. ஆனால் பையன் தூரத்தில் வரும்போதே கண்டான் என்றால், வழியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். பார்ப்பதை அவன் நிறுத்தவில்லை.

அந்தக் கதையில் மூத்தவன் ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

மூத்தவள்_கிருஷ்ணகிரி எழுதியது:

ஐயா, கடைசி வரி ஊசி மாதிரி இருந்தது. கோபமும் வந்தது. தம்பி திரும்பி வந்ததும் கோபித்துக்கொண்ட அந்த மூத்தவன் வயலில் வேலை செய்தவன்தானே? வேலை செய்கிறவளுக்கு வலிக்காதா? படிக்க வேண்டிய வயதில் தையல் மிஷினில் உட்கார்ந்து இவனைப் படிக்க வைத்தேன். "நான் இவனைப் போல இல்லை" என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. மனதில் சொல்லவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

பாக்கியைக் கட்டாமல் விட்டால் கடைக்காரர் வாசலில் வந்து கத்துவார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்.

ஓசூர்_செகண்ட்_ஷிஃப்ட் எழுதியது:

அக்கா, ஓசூர் சிப்காட் பக்கம் இருக்கிறேன். என் மனைவிதான் இதை டைப் செய்யச் சொன்னாள், குடித்தது அவளுடைய அப்பா. இங்கே நம் கடை பகல் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும் என்பதெல்லாம் பெரிய பூட்டு இல்லை. அத்திப்பள்ளி போனால் கர்நாடகா, அங்கே டெட்ரா பாக்கெட்டில் கிடைக்கும். சட்டைப் பையில் ஜூஸ் பாக்கெட் மாதிரி அடங்கும், கண்ணாடிச் சத்தமும் வராது. மாமியார் சோதனை போட்டுச் சோதனை போட்டு அலுத்துப்போனார். தேடித் தேடி எடுத்தாலும் கிடைக்கிற இடம் தீராது.

மாமியார் அல்-அனான் கூட்டத்தில் கேட்ட ஒரு கதையைச் சொல்கிறேன். ஏஏ 1935ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் தொடங்கியது. பில் வில்சன் என்ற பங்குச்சந்தை ஆள், பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டர், இரண்டு குடிகாரர்கள். பில்லின் மனைவி லோயிஸ். வருஷக்கணக்கில் கணவனைத் திருத்தப் பாடுபட்டவர். பில் குடியை விட்ட பிறகு, ஒரு நாள் மீட்டிங்குக்குக் கிளம்பு என்று சொன்னபோது, லோயிஸ் ஒரு ஷூவை எடுத்து அவர்மேல் எறிந்தார்! பிறகு உட்கார்ந்து யோசித்தபோது லோயிஸுக்குப் புரிந்ததாம்: இத்தனை வருஷம் தன்னால் ஆகாததை யாரோ வெளியாட்கள் செய்துவிட்டார்கள் என்பதுதான் கோபம். அந்த லோயிஸ்தான் 1951ல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து அல்-அனானை நிறுவினார்.

என் மனைவி கேட்கச் சொன்னது இதுதான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தம்பி உங்கள் ஜெபத்தால் இல்லாமல், உங்கள் சபையாலும் இல்லாமல், யாரோ ஒரு டாக்டராலோ பழைய குடிகாரர் ஒருவராலோ குணமானால், உங்களுக்குச் சம்மதமா? மாமியார் இதற்குப் பதில் சொல்லவே ரொம்ப நாள் ஆனதாம்.

ஜெபசேனை எழுதியது:

ஏஏவில் இயேசுவின் நாமம் கிடையாது. "நாங்கள் புரிந்துகொண்ட கடவுள்" என்கிறார்கள். விசுவாசிகளை அங்கே அனுப்புவது சரியா?

தொப்பூர்_கணவாய் எழுதியது:

சகோதரரே, அது ஆக்ஸ்ஃபர்ட் குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து கிளைத்ததுதான். மீட்டிங்கில் நாங்கள் சொல்கிற ஜெபமும் ரைன்ஹோல்ட் நீபர் என்ற இறையியலாளர் எழுதியதாகச் சொல்லப்படுவது. மாற்ற முடியாததை ஏற்க அமைதி, மாற்ற முடிந்ததை மாற்ற தைரியம், எது எது என்று பிரித்தறிய ஞானம். எங்கள் மீட்டிங்கில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் முருக பக்தர். என் கை நடுங்கியபோது டீ கிளாஸை வாய்வரை பிடித்துக்கொடுத்தவர் அவர். அதற்கு மேல் இதில் வாதாட எனக்குத் தெம்பில்லை.

பர்கூர்_கல்லு எழுதியது:

வேறு ஒரு பெயரில் எழுதுகிறேன். தாழ்மை, ஒப்புக்கொடுத்தல் எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. என் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். எங்கள் சபை மூப்பர் "தாழ்மையாய் இரும்மா, சாராளைப் போல அடங்கியிரு" என்றார். நான் எதை ஒப்புக்கொடுக்க வேண்டும்? என் பல்லையா?

எலத்தகிரி_மருமகள் எழுதியது:

தங்கச்சி, உன் பல்லை யாரும் கேட்கவில்லை. அந்த மூப்பர் வீட்டுப் பெண்ணை ஒருவன் அடித்தால் இதே வசனத்தைச் சொல்வாரா என்று கேள். இன்று ராத்திரி தங்க ஒரு வீடு, உன் சர்டிபிகேட்டுகள், பிள்ளையின் ஆதார், கொஞ்சம் காசு ஒரு பையில் தயாராக வை.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

181 பெண்கள் உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 112. காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்கு வந்து எப்படி ஆனது என்று உள்ளபடி சொல்லுங்கள், "வழுக்கி விழுந்தேன்" என்று எழுத வைக்காதீர்கள். ஆண்டவரும் தம்மைக் கல்லெறிய வந்தபோது தேவாலயத்தை விட்டு மறைந்துதான் போனார், யோவான் 8ல் இருக்கிறது.

ஊத்தங்கரை_வாத்தியார் எழுதியது:

பர்கூர் அம்மாவுக்கு சிஸ்டர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

ஆண்டவர் பிடிபடும் முன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தைப் பற்றி மட்டும் ஒன்று. "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்பதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறோம். அதற்கு முன்னால் அவர் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்று வெளிப்படையாகக் கேட்டார். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. அதோடு, தனியாகப் போகவில்லை. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள், அது வேறு விஷயம். ஆண்டவரே கேட்டார், மூத்தம்மா. பாஸ்டரிடம் கேட்க உங்களுக்கு என்ன வெட்கம்?

மூத்தவள்_கிருஷ்ணகிரி எழுதியது:

சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பவுடரைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

லோடு முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சாதாரணமாக, "தெரியும்மா, நீ சொல்ற காய்ச்சல் எந்த டாக்டருக்கும் தெரியாத காய்ச்சலாச்சே" என்றார். ஊரெல்லாம் தெரிந்த விஷயத்துக்கு நான் மட்டும் திரை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடைக்காரர் வந்து கத்தத்தான் செய்தார். "அவன்கிட்டயே வாங்கிக்கோங்க அண்ணா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன், கால் நடுங்கியது. தம்பிக்கு ஆத்திரம். அரூருக்குப் போய் அங்கேயும் ரகளை செய்து திரும்பி வந்தான். அவன் மனைவி போனில் என்னைத்தான் திட்டினாள்.

பாஸ்டரிடம் சொன்னேன். அவர் தன் சொந்த அண்ணனைப் பற்றிச் சொன்னார், அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

காலை ஜெபம் இப்போது சின்னதாகிவிட்டது. ஓசூர் தங்கச்சி கேட்ட கேள்விக்கு, "யார் மூலமாகவும் சரி ஆண்டவரே" என்று சொல்லிப் பார்க்கிறேன். சில நாள் வாயில் வருகிறது, சில நாள் வருவதில்லை. ஃப்ளஷ் டேங்கை இன்னும் திறக்கிறேன், பொய் சொல்லமாட்டேன். சட்டைப் பையை விட்டுவிட்டேன்.

நேற்று தம்பியே, "கை ரொம்ப ஆடுதுக்கா, ஒருநாள் டாக்டரைப் பார்க்கலாமா?" என்று கேட்டான். திங்கட்கிழமை என்று பேச்சு. வருவானா தெரியாது. எங்கே போக வேண்டும், என்ன எடுத்துப் போக வேண்டும், சென்டரில் சேர்ப்பதா, வேண்டாமா?

ஓசூர்_செகண்ட்_ஷிஃப்ட் எழுதியது:

எங்களுக்கு பெங்களூர் பக்கம் என்பதால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போனோம், ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, போதைக்கென்று தனிப் பிரிவு உண்டு. சென்டர் விஷயத்தில் ஜாக்கிரதை. மாமனாரை முதலில் ஒரு இடத்தில் விட்டோம், பெயர் வேண்டாம். வேனில் ஆள் வந்து கையைக் கட்டித் தூக்கிப் போனார்கள், பார்க்க விடவில்லை, திரும்பி வந்தபோது முதுகில் தழும்பு. மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, டாக்டர் தினமும் வருகிறாரா, வீட்டார் பார்க்கலாமா என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பிவிடுங்கள்.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே வந்து மனநலப் பிரிவு புறநோயாளி சீட்டு என்று கேளுங்கள். திங்கள் வரை காத்திருக்கும்போது அவராகவே முழுசாக நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். வலிப்போ, பிதற்றலோ வந்தால் எந்த நேரமானாலும் 108. அதற்கு முன் பேச வேண்டுமானால் போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவசம்.

ஆதார், காப்பீட்டு அட்டை, பழைய சீட்டுகள் இருந்தால் எடுத்து வாருங்கள். முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, சர்க்கரை, மஞ்சள்காமாலை இருந்ததா என்பதைக் கேட்டு வையுங்கள். டாக்டர் முன்னால் உங்கள் தம்பியைப் பேச விடுங்கள் அக்கா, நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்பதுதான் முதலில் கேட்பார்கள். அதை மட்டும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள்.